வத்தலக்குண்டு வட்டார மொழிகளும் மூலத்திராவிட உறவும்: மரபுரிமை, கடன், ஒப்புமைத் திரிபு – ஓர் ஒப்பியல் நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

திண்டுக்கல் மாவட்டம், நிலக்கோட்டை வட்டத்தில் அமைந்துள்ள வத்தலக்குண்டும் அதனைச் சூழ்ந்த சமவெளியும் தமிழ், தெலுங்கு, கன்னடம், சௌராட்டிரம் ஆகிய மொழிகள் அருகருகே வழங்கும் நிலப்பகுதியைச் சார்ந்தவை. அருகருகே வழங்கும் மொழிகளிடையே காணப்படும் ஒற்றுமைகள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. சில பொதுமூலத்திலிருந்து வழிவந்தவை. சில கொண்டும் கொடுத்தும் உண்டானவை. சில தனித்தனியே நிகழ்ந்த ஒத்த திரிபுகள். இம்மூவகையையும் பிரித்தறியும் நெறிகளை இவ்வட்டார மொழிகளின் சான்றுகளைக் கொண்டும், வத்தலக்குண்டு என்னும் ஊர்ப்பெயரைக் கொண்டும் இக்கட்டுரை விளக்குகிறது. கன்னடமும் தெலுங்கும் தமிழிலிருந்து பிறந்தவை அல்ல, தமிழோடு உடன்பிறந்தவை என்பதற்கான ஒலியியல் சான்று இதன்வழி நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மூலத்திராவிடம், ஒலி இயைபு, பொதுப்புத்தாக்கம், கடன்சொல், ஊர்ப்பெயராய்வு, வத்தலக்குண்டு.

1. முன்னுரை

வத்தலக்குண்டு தமிழ் இலக்கிய வரலாற்றில் நன்கு அறியப்பட்ட ஊர். கமலாம்பாள் சரித்திரம் எழுதிய ராஜம் ஐயர் (1872–1898), விடுதலைப் போராட்ட வீரரும் எழுத்தாளருமான சுப்பிரமணிய சிவா (1884–1925), சிறுகதையாசிரியர் பி. எஸ். ராமையா (1905–1983) ஆகியோரின் ஊர் என்ற வகையில் அது பலகாலும் பேசப்பட்டுள்ளது. ஆயின் மொழியியல் நோக்கில் இவ்வூரும் இதன் சுற்றுப்புறமும் தரும் சான்றுகள் போதிய அளவு கருதப்படவில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் தமிழோடு, கம்பளத்தார் உள்ளிட்டோரின் தெலுங்கும், காப்பிலியர், அனுப்பர் முதலியோரின் கன்னடமும், திண்டுக்கல் நகரில் சௌராட்டிரமும் வீட்டுமொழிகளாக வழங்குகின்றன. பழனிமலைத் தொடரின் பளியர் பேச்சு தமிழுக்கு மிக நெருங்கியது. ஒரு நாட்பயணத் தொலைவுக்குள் இரு மொழிக்குடும்பங்களையும், ஒரே குடும்பத்தின் இரு கிளைகளையும் காணக்கூடிய இடம் இது.

இம்மொழிகளுக்கிடையே உள்ள உறவு யாது என்னும் வினாவிற்குத் தமிழ்ச் சூழலில் பெரும்பாலும் ஒரே விடை தரப்படுகிறது: தமிழ் தாய், ஏனையவை சேய்கள். 1891இல் வெளிவந்த மனோன்மணீயத்தின் வாழ்த்துப் பாடல் கன்னடம், தெலுங்கு, மலையாளம், துளு ஆகியவற்றைத் தமிழின் வயிற்றுதித்தவையாகக் காட்டியது. கவிதை என்ற வகையில் அவ்வுருவகத்திற்கு அதற்குரிய தகுதி உண்டு. ஆனால் உருவகம் வேறு, மெய்ப்பிக்கத்தக்க கருதுகோள் வேறு. தாய்–சேய் உறவு உண்மையாயின் அது ஒலிகளில் தடம் பதித்திருக்க வேண்டும். அத்தடத்தைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிற மொழிச் சொற்கள் இங்குத் தமிழ் எழுத்திலேயே தரப்படுகின்றன. கன்னடத்தின் உரசொலிகளைக் காட்ட ஸ, ஹ ஆகியன பயன்படுத்தப்படுகின்றன. ஒலிப்புடைமை கருத்துக்கு இன்றியமையாத இடங்களில் அது தனியே சுட்டப்படுகிறது.

2. உறவை அறியும் நெறி

மொழிகளின் உறவைச் சொற்களின் தோற்ற ஒற்றுமையால் அளத்தல் பழைய வழக்கம். 1816இல் சென்னையில் அச்சான ஏ. டி. காம்பெல்லின் தெலுங்கு இலக்கணத்திற்கு எல்லிஸ் எழுதிய ஆய்வுரை அவ்வழக்கத்தை மாற்றிய முன்னோடி முயற்சிகளுள் ஒன்று. தெலுங்கின் வேர்ச்சொற்களைத் தமிழ், கன்னட வேர்களோடு நிரல்பட வைத்து, தெலுங்கு வடமொழியிலிருந்து தோன்றியதன்று என்றும், தென்னிந்திய மொழிகள் தமக்குள் ஓர் இனம் என்றும் அவர் காட்டினார். கால்டுவெல் 1856இல் அக்கருத்தை விரித்து ஒப்பிலக்கணமாக்கினார். பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்டு, 1984இல் திருத்திய திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி அதற்குச் சொற்களஞ்சியம் ஆயிற்று. 2018இல் இருபது திராவிட மொழிகளின் அடிப்படைச் சொற்களைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்த பன்னாட்டுக் குழுவொன்று, இக்குடும்பத்தின் வயது ஏறத்தாழ 4500 ஆண்டுகள் எனக் கணித்தது.

இவ்வாய்வு மரபு தரும் அடிப்படை நெறிகள் மூன்று. முதலாவது, உறவுக்குச் சான்று ஒலியின் ஒற்றுமை அன்று. ஒலியின் சீரான இயைபு. ஒரு மொழியின் ஓர் ஒலிக்குப் பிறிதொரு மொழியில் குறிப்பிட்ட ஓர் ஒலி பல சொற்களில் தொடர்ந்து ஈடாக வருமாயின் அதுவே இயைபு. இரண்டாவது, இயைபுக்கு அடங்காத சொல் கடனாகவோ தற்செயலாகவோ இருத்தல் கூடும். மூன்றாவது, குடும்பத்தின் உட்கிளைகளை வகுக்கப் பொதுவாகப் பேணப்பட்ட பழமை பயன்படாது. பொதுவாக நிகழ்ந்த புதுமையே பயன்படும்.

கடன் என்னும் கருத்து தமிழ் இலக்கண மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் எச்சவியலில் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தது, ஒரு மொழியின் சொற்கள் எல்லாம் ஒரே வாயிலாக வந்தவை அல்ல என்னும் தெளிவின் வெளிப்பாடே. அத்தெளிவை மொழிகளுக்கிடையே விரித்தால் ஒப்பியல் நெறி பிறக்கிறது.

3. ககரமும் சகரமும்: தாயா, உடன்பிறப்பா?

முன்னுயிர்களாகிய இகர, எகரங்களுக்கு முன் வரும் ககரத்தை எடுத்துக்கொள்ளலாம். தமிழ், கன்னடம், தெலுங்கு என்னும் வரிசையில் கீழ்வரும் சொற்கள் அமைகின்றன.

செவி – கிவி – செவி
சிறு – கிறு – சிறு
சீ (சீழ்) – கீவு – சீமு
செய் – கெய் – சேயு

தமிழிலும் தெலுங்கிலும் சகரம் வருமிடத்துக் கன்னடத்தில் ககரம் வருகிறது. இவற்றுள் எது பழையது? கன்னடம் தமிழின் சேய் எனக் கொண்டால், தமிழின் சகரம் கன்னடத்தில் ககரமாயிற்று என்று கூற வேண்டும். அதனைக் கீழ்வரும் சொல் மறுக்கிறது.

சிக்கு – ஸிக்கு – சிக்கு

இங்கும் தமிழில் இகரத்தின் முன் சகரமே நிற்கிறது. ஆயினும் கன்னடத்தில் ககரம் இல்லை, ஸகரமே உள்ளது. சுற்று என்பதற்குக் கன்னடம் ஸுத்து என்றும், சுடு என்பதற்கு ஸுடு என்றும் கூறுவதும் இதனோடு ஒக்கும். அஃதாவது தமிழ் ஒரே சகரத்தால் வழங்கும் சொற்களைக் கன்னடம் இரு கூறாகப் பிரிக்கிறது: ஒரு கூறு ககரம் பெறுகிறது, மற்றொரு கூறு ஸகரம் பெறுகிறது. தமிழிலிருந்து கன்னடம் தோன்றியிருப்பின், ஒன்றாகக் கலந்துவிட்ட இரு ஒலிகளை எச்சொல்லில் எது என்று பிழையின்றிப் பிரித்தெடுக்கக் கன்னடர்க்கு வழியே இல்லை. கலந்தவை மீண்டும் தாமே பிரியா. எனவே பிரிந்த நிலையே பழமை. தமிழில் நிகழ்ந்தது கலப்பு. செவியின் முன்வடிவில் ககரம் இருந்தது. அதனைக் கன்னடம் பேணியது. தமிழ் அண்ணவொலியாக்கத்தால் மாற்றியது.

இவ்வொரு சான்றே கன்னடம் தமிழின் சேய் அன்று என்பதற்குப் போதும். இரண்டிற்கும் முற்பட்டதாய், இன்று எங்கும் வழங்காததாய், மீட்டுருவாக்கத்தால் மட்டும் அறியத்தக்கதாய் ஒரு மூலநிலை இருந்தது என்பதே பொருந்தும் விளக்கம். அதனையே மூலத்திராவிடம் என்கிறோம்.

தெலுங்கு தமிழோடு சேர்ந்து சகரம் பெற்றதா என்பது அடுத்த வினா. வளைநா மெய் தொடரும் சொற்கள் விடை தருகின்றன.

கெடு – கெடு – செடு
கிளி – கிளி – சிலுக

தமிழில் ககரத்தை அடுத்த முன்னுயிருக்குப் பின் ட், ண், ள் முதலிய வளைநா ஒலி வரின் ககரம் திரியாது நின்றுவிடுகிறது. கேள், கிட்டு முதலியனவும் அவ்வாறே. தெலுங்கிலோ அத்தடை இல்லை. இரு மொழிகளிலும் திரிபின் பெயர் ஒன்றாயினும் அதன் விதி வேறு. எனவே அது இருமொழிகளும் ஒன்றாய் இருந்த காலத்து நிகழ்ந்த ஒரு புதுமை அன்று, தனித்தனியே நிகழ்ந்தது. தமிழில் செடி என்னும் சொல் இவ்விதிக்குப் புறம்பாக நிற்பது இங்குக் கருதத்தக்கது. கன்னடத்தில் இது கிட (ககர டகரங்கள் ஒலிப்புடையன), தெலுங்கில் செட்டு. விதிவிலக்கு விதியை அழிப்பதில்லை. அச்சொல் வந்த வழியைத் தனியே ஆராயுமாறு பணிக்கிறது.

4. கிளைகளை வகுக்கும் புதுமை

ஒலியில் தமிழும் தெலுங்கும் ஒத்துத் தோன்றினும், உறவில் தமிழுக்கு அணித்தாக நிற்பது கன்னடமே. இதனைப் பெண்பால் ஒருமை காட்டுகிறது. தமிழில் அவள், கன்னடத்தில் அவளு, மலையாளத்தில் அவள். தெலுங்கில் பெண்ணையும் அஃறிணை ஒருமையையும் அதி என்னும் ஒரே சுட்டும், வச்சிந்தி என்னும் ஒரே வினைமுற்றும் குறிக்கின்றன. 'அவள் வந்தாள்', 'அது வந்தது' இரண்டுக்கும் அவ்வினையே. ஆமெ போன்ற மதிப்பு வடிவங்கள் பிற்பட்டன. பெண்பாலுக்கெனத் தனி ளகர ஈறு கொண்டமை தென்திராவிடக் கிளையின் பொதுப்புத்தாக்கம். தெலுங்கு அதில் பங்கு பெறாமையால் அது தென்–நடுத் திராவிடக் கிளையில் வைக்கப்படுகிறது.

இவ்வட்டாரத்தில் தெலுங்கு பேசும் குடும்பங்களின் சிறார் தமிழில் 'அம்மா வந்துச்சு' என்று கூறுவதைத் தெலுங்கின் தாக்கம் எனக் கொள்ளும் போக்கு எழக்கூடும். ஆனால் இவ்வழக்கு தெலுங்குத் தொடர்பற்ற தமிழரிடத்தும் பரவலாக உள்ளது. ஒற்றுமையைக் கண்டவுடன் தாக்கம் என முடிவு செய்தல் ஆகாது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

5. ஒத்த திரிபுகளின் மயக்கம்

வத்தலக்குண்டு வட்டாரப் பேச்சுத்தமிழில் றகர இரட்டை தகர இரட்டையாகிறது: சுத்து, புத்து, காத்து. ழகரம் ளகரமாகிறது: கோளி, பளம், ஏளு. இவற்றைக் கன்னட, தெலுங்குச் சொற்களோடு வைத்து நோக்கலாம்.

சுற்று (பேச்சில் சுத்து) – ஸுத்து – சுட்டு
புற்று (பேச்சில் புத்து) – புத்து – புட்ட
கோழி (பேச்சில் கோளி) – கோளி – கோடி
ஏழு (பேச்சில் ஏளு) – ஏளு – ஏடு

எழுத்துத்தமிழை வைத்து நோக்கின் மூன்று மொழிகளுக்கும் சீரான இயைபு உள்ளது: தமிழின் ற்ற கன்னடத்தில் த்த, தெலுங்கில் ட்ட, தமிழின் ழ கன்னடத்தில் ள, தெலுங்கில் ட (ஒலிப்புடையது). பேச்சுத்தமிழை வைத்து நோக்கினாலோ தமிழும் கன்னடமும் ஒன்றாகவே தோன்றுகின்றன. அருகில் கன்னடம் வழங்குவதால் இது கன்னடத் தாக்கம் என்றோ, கன்னடம் பேச்சுத்தமிழிலிருந்து கிளைத்தது என்றோ கூறத் தோன்றும். இரண்டும் பொருந்தா.

பழங்கன்னடத்தில் ழகரம் தனி ஒலியாக இருந்தது. அது ளகரத்தோடு மயங்கிய பின்னரே, 13ஆம் நூற்றாண்டு இலக்கணியாகிய கேசிராசர் தம் சப்தமணிதர்ப்பணத்தில் ழகரச் சொற்களைத் தொகுத்துக் கூறவேண்டிய தேவை நேர்ந்தது. ஆகவே கன்னடத்தின் ளகரத் திரிபு, அது தமிழினின்று பிரிந்து நெடுங்காலம் கழித்து நிகழ்ந்தது. மறுபுறம், கன்னடம் வழங்காத யாழ்ப்பாணத்திலும் ழகரம் ளகரமாக ஒலிக்கிறது. எனவே தொடர்பு இன்றியும் இத்திரிபு நிகழும். றகர இரட்டையோ யாழ்ப்பாணத் தமிழிலும் மலையாளத்திலும் தன் பழைய நுனியண்ண ஒலிப்பைக் காத்துவருகிறது; தமிழகத்தின் பெரும்பகுதியில் மாறியது, விளிம்பில் நிலைத்தது. இவ்விரு திரிபுகளும் எளிதாகும் போக்கில் தமிழும் கன்னடமும் தனித்தனியே அடைந்த ஒத்த முடிவுகள். அவை உறவை மறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை.

6. அண்டை வேறு, உறவு வேறு

தமிழுக்கும் இவ்வட்டாரத் தெலுங்குக்கும் இரட்டை உறவு உண்டு. ஒன்று மூலத்திராவிடம் வழிவந்த ஆழ்ந்த உறவு. மற்றொன்று விசயநகர, நாயக்கர் ஆட்சிகளோடும் பாளையங்களோடும் வலுப்பெற்ற குடியேற்றத்தால் விளைந்த அண்மை உறவு. கண், கால், மூன்று, கோழி போல்வன முதலதன் சான்றுகள். தொர என்பதிலிருந்து வந்த துரை, சந்தடி, எக்கச்சக்கம் போல்வன இரண்டாவதன் சான்றுகள். இரண்டிற்கும் இடையே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் உள்ளன. இவற்றை ஒரே பட்டியலில் இட்டால் உறவின் வரலாறு குழம்பும்.

சௌராட்டிரம் இதற்கு மறுதலை. அது தமிழ், தெலுங்கு, கன்னடச் சொற்களை மிகுதியாக ஏற்றுள்ளது. அதனைப் பேசுவோர் பல நூற்றாண்டுகளாகத் தமிழகத்தில் வாழ்கின்றனர். ஆயினும் மூன்றைத் தீன் என்றும், ஏழைச் சாத் என்றும், பத்தைத் தஸ் என்றும் எண்ணும் அம்மொழி குசராத்தி, மராத்தி முதலியவற்றின் இனமாகிய இந்தோ–ஆரியக் குடும்பத்தது. கடன் எத்துணை மிகினும் குடும்பம் மாறுவதில்லை. அடிப்படைச் சொற்களும் இலக்கண உறுப்புகளுமே பிறப்பைக் காட்டுகின்றன.

7. ஊர்ப்பெயரில் நெறியின் சோதனை

மேற்கண்ட நெறிகளை வத்தலக்குண்டு என்னும் பெயரில் சோதிக்கலாம். வெற்றிலைக்குண்டு என்பதே திரிந்து வத்தலக்குண்டு ஆயிற்று என்னும் விளக்கம் வழக்கில் உள்ளது. வற்றல் என்னும் சொல்லோடு இணைத்தும் நோக்க இடமுண்டு.

பின்னொட்டாகிய குண்டு ஆழம், பள்ளம், நீர்நிலை எனப் பொருள்படும் பழந்தமிழ்ச் சொல். உருண்டை எனப் பொருள்படும் குண்டு வேறு சொல். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாயின. தெலுங்கில் குளத்தைக் குறிக்கும் குண்ட, குண்ட்ட என்பதற்கு ஒப்ப ஒலிப்பிலா டகரம் உடையது. உருண்டையைக் குறிக்கும் குண்டு ஒலிப்புடைய டகரம் உடையது. கன்னடத்திலும் குளத்தைக் குறிக்கும் குண்டெ, பள்ளத்தைக் குறிக்கும் குண்டி ஆகியன உள்ளன. தெலங்கானத்தின் ஜம்மிகுண்ட முதலிய ஊர்ப்பெயர்களில் இவ்வினச்சொல் ஒட்டாக வருகிறது. மூன்று மொழிகளுக்கும் பொதுவான மரபுச்சொல் ஆதலின், பெயரிட்டவர் மொழி எது என்பதை இவ்வொட்டு காட்டாது. பொதுப்பழமை தனியுறவைக் காட்டாது என்னும் நெறி இங்கும் செல்லும்.

முன்னொட்டே தெளிவு தரக்கூடியது. வெற்றிலை என்பது தமிழுக்கும் மலையாளத்துக்கும் உரிய சொல்லாக்கம். கன்னடம் வீள்யதெலெ என்றும், தெலுங்கு தமலபாகு என்றும் கூறும். வெற்றிலை விளக்கம் சரியாயின் பெயர் தமிழ்ப்பெயர். ஒலிநிலையில், ற்ற த்த ஆதல் முறையானது. வெற்றிலை பேச்சில் வெத்தல ஆதலும் முறையானது. ஐகார ஈற்றின் பின் ககரம் மிகுதலும் பொருந்தும். விளக்கம் வேண்டுவது முதலெழுத்தின் எகரம் அகரமானமை ஒன்றே. இலையின் பெயர் இன்றும் வெத்தல என எகரத்தோடு வழங்குகையில் ஊர்ப்பெயர் மட்டும் அகரம் பெற்றது, பொருளுணர்வு நீங்கிய பெயர் அடுத்த அசையின் உயிரோடு இசைந்ததால் ஆகலாம். வற்றல் என்னும் விளக்கத்தில் இவ்விடர் இல்லை. ஆனால் வற்றல் என்பதும் குண்டு என்பதும் புணரின் வற்றற்குண்டு என வரவேண்டும். லகரத்தின் பின் அகரமும் ககர மிகுதியும் வர வழியில்லை. இரண்டனுள் முன்னது ஓர் உயிர்த்திரிபை மட்டும் வேண்டுகிறது; பின்னது புணர்ச்சி விதியையே மீறுகிறது. எனவே முன்னதே ஏற்புடைத்து.

ஆங்கில வடிவாகிய பட்லகுண்டு பகரத்தில் தொடங்குவது ஓர் ஐயத்தை எழுப்பும். ராஜம் ஐயர், ராமையா ஆகியோர் பெயர்களின் முன் நிற்கும் 'பி' இவ்வடிவின் முதலெழுத்தே. தமிழின் வகரம் கன்னடத்தில் ஒலிப்புடைய பகரமாதல் இயைபு: வாழை – பாளெ, வேர் – பேரு, வில் – பில்லு. எனவே இது கன்னட எழுத்தர் வாய்வழி வந்த வடிவு எனக் கருதத் தோன்றும். ஆனால் வெற்றிலையே ஐரோப்பிய மொழிகளுக்குப் போர்த்துக்கீசியர் வழியாகச் சென்றபோது பகரம் பெற்றுப் பீட்டல் ஆயிற்று. கன்னடத்தின் துணையின்றியே வகரம் பகரமாக எழுதப்பட்டதற்கு அதே சொல் சான்றாதலின், ஆங்கில வடிவின் ஓர் எழுத்தைக் கொண்டு கன்னடத் தொடர்பை நிறுவ இயலாது. அவ்வடிவு உறுதிசெய்வது, ஆங்கிலேயர் ஏட்டில் பதிந்தபோதே முதலசையில் அகரம் வழங்கிற்று என்பதை மட்டுமே.

8. முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பெறப்படும் முடிபுகள் வருமாறு:

அ. தமிழ் ஒரே சகரத்தில் கலந்த இரு பழைய ஒலிகளைக் கன்னடம் வேறுபடுத்திக் காக்கிறது. ஆதலின் கன்னடம் தமிழினின்று பிறந்ததன்று. இரண்டும் மூலத்திராவிடத்தின் வழிவந்தவை.

ஆ. தமிழ், தெலுங்கு ஆகியவற்றின் அண்ணவொலியாக்கம் வெவ்வேறு விதிகளால் இயல்வது. அது பொதுப்புத்தாக்கம் அன்று.

இ. பேச்சுத்தமிழும் கன்னடமும் த்த, ள ஆகிய ஒலிகளில் ஒத்திருத்தல் தனித்தனியே நிகழ்ந்த திரிபின் விளைவு.

ஈ. வத்தலக்குண்டு என்பதன் மூலம் வெற்றிலைக்குண்டு என்பது புணர்ச்சி நிலையில் ஏற்புடையது. முதலசை உயிர்த்திரிபுக்குக் கல்வெட்டு, ஆவணச் சான்றுகள் தேடப்பட வேண்டும்.

தமிழ் பழமை மிக்கது என்பதை இம்முடிபுகள் குறைக்கவில்லை. ழகரத்தையும் றகர, னகரங்களையும் எழுத்தில் காத்து, ஈராயிரம் ஆண்டு இலக்கியத்தால் மூலத்திராவிட மீட்டுருவாக்கத்திற்குத் தமிழ் அளித்த சான்றுக்கு ஈடு இல்லை. ஆனால் பழமை பேணுதலும் தாயாதலும் ஒன்றல்ல. செவியின் பழைய ககரத்தைத் தமிழ் இழந்தது. கிவி என்று கூறும் கன்னடர் காத்தனர். தமிழின் வரலாற்றில் ஒரு பக்கம் கன்னடத்தில் எழுதப்பட்டுள்ளது.

இவ்வட்டாரக் கன்னட, தெலுங்கு வீட்டுமொழிகளுக்குப் பெரும்பாலும் எழுத்துவழக்கு இல்லை. அவற்றைப் பேசுவோரின் மக்கள் தமிழ்வழியிலோ ஆங்கிலவழியிலோ கல்வி பெறுகின்றனர். கலப்புமொழி, கொச்சை என அவை ஒதுக்கப்படும்போது அவர்தம் மரபு மட்டுமன்றித் தமிழ் தன்னை அறியும் வாயிலும் அடைபடுகிறது. முதியோர் பேச்சினின்று அடிப்படைச் சொற்களையும் வினைமுற்று வடிவங்களையும் ஒலிப்பதிவோடு தொகுத்தல் தமிழ்த்துறைகளின் கடமைகளுள் ஒன்றாகக் கொள்ளப்பட வேண்டும்.